சீஸிங் கூலி

இறந்த மகனின் வலது கை மடங்க மறுத்தது. தஸ்தகீர் அதைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, "ஊத்துங்க" என்றார்.

பள்ளிவாசல் மோதினார் கற்பூரம் போட்ட வெந்நீரைச் செம்பில் மோந்து தோளிலிருந்து ஊற்றினார். தண்ணீர் வழிந்து வந்து முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் தேங்கி நின்றது. அங்கே கையைச் சுற்றி வளையம் போட்டாற்போல் ஒரு பள்ளம். கன்றிக் கறுத்துப்போன பள்ளம். தஸ்தகீர் அதில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"மெதுவா பாய். மையித்துக்கு வலிக்கும்ங்க."

"வலிச்சாத் தேவலயே" என்றார் தஸ்தகீர்.

உடலைப் புரட்டியபோது மோதினார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தஸ்தகீர் திருப்பவில்லை. நாற்பது வருடமாக ஆடு அறுத்து உரிக்கிறவர். கத்தியில் கிழிந்த தோல் எப்படி இருக்கும், தாரில் தேய்ந்த தோல் எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலது தோளிலிருந்து இடுப்புவரை மகனுக்குத் தோல் இல்லை. கசிகிற இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தித் துணியைக் கிழித்துக் கட்டினார். கட்டியது நனைந்தது. அதன்மேல் இன்னொரு பஞ்சு வைத்தார்.

மறைப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைய மகன் சிக்கந்தர், "போதும்த்தா" என்றான். அவன் பல் கிட்டித்துப் போயிருந்தது.

"ஏலே, ஒழுங்காப் புடி. காத்துல தூக்குது."

பெருமாள்மலை முக்கில் தஸ்தகீரின் கறிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. நேற்றுக் காலை அவர் தொடைக்கறியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். எதிரே, மூத்தவன் பாசித்தின் டாக்ஸி சவாரிக்கு நின்றது. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். பைக்கில் ரெண்டு பேர் வந்தார்கள். ஒருவன் இறங்கி நேரே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பழனி ஃபைனான்ஸுக்காகத் தவணை பிந்திய வண்டிகளைத் தூக்குகிற முத்துராஜ். பாசித் டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்து, ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்தான். முத்துராஜ் கண்ணாடியை ஏற்றினான்.

பட்டனை அழுத்தினால் ஏறுகிற கண்ணாடி. கை நெரிபட்டதும் பாசித், "கை, கை, எறக்குடா" என்று கத்தினான். முத்துராஜ் அவன் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

தஸ்தகீர் கத்தியோடு ஓடினார். மகன் முதலில் வண்டியோடு ஓடினான். பிறகு கால் பின்னிற்று. பிறகு இழுபட்டான். முதல் வளைவில் கண்ணாடி இறங்கியது, ஆள் விழுந்தான், பின்சக்கரம் ஏறி இறங்கியது. வண்டி நிற்கவில்லை. கீழே ரெண்டு வளைவு தள்ளி அதை ரோட்டோரத்தில் விட்டுவிட்டு முத்துராஜ் ஓடிப்போனான்.

முக்கில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது டீக்கடை குழந்தைவேல், "வண்டி மோதிருச்சுங்க" என்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"நீ பாக்கலயா குழந்தவேலு?" என்று தஸ்தகீர் அவனைக் கேட்டார்.

"பால் பொங்கிருச்சு பாய். அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

தஸ்தகீர் இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடித்து உடலைக் கொடுத்தபோது, அடக்கம் முடித்துவிட்டுச் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பாசித்துக்குக் கடன் சிரித்துக்கொண்டேதான் வந்தது. ரெண்டு சீசன் நல்ல சவாரி. பேங்கிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, சார் சார் என்று பேசி, ஒரு கார்டு அனுப்பினாள். அந்தக் கார்டில் போன் வாங்கினான். சுவர் அகலத்துக்கு டிவி வாங்கினான். பழைய வண்டியைத் தள்ளிவிட்டு ஃபைனான்ஸில் இந்த டாக்ஸியை எடுத்தான். ஒருநாள் ரெண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ் வந்து வாசலில் இறங்கியது.

"ஊரே ஐஸ்பொட்டியாக் கெடக்கு. அதுக்குள்ள எதுக்குலே இன்னொரு ஐஸ்பொட்டி?"

"கையில ஒத்தப் பைசா குடுக்க வேணாம்த்தா. மாசாமாசம் தானாக் கழிஞ்சுரும்."

"எதுலேர்ந்து கழியும்?"

அடுத்த வருடம் மழை விடாமல் பெய்து, ரோடு சரிந்து, சீசன் படுத்துவிட்டது. ஒரு கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டில் எடுத்தான். அதற்குக் கட்ட போனிலேயே கடன் தருகிறவனிடம் எடுத்தான். பிறகு அவனுடைய மனைவி உம்மு ஹபீபாவின் போனுக்கு யார் யாரோ கூப்பிட்டு வாயில் வைக்க முடியாத பேச்செல்லாம் பேசினார்கள்.

அன்றைக்குத்தான் தகப்பனும் மகனும் கடைக்குள் கட்டிப் புரண்டார்கள். பாசித்தின் மூக்கு உடைந்தது. தஸ்தகீருக்கு விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. எழுந்து உட்கார்ந்து இருவரும் மூச்சு வாங்கினார்கள். பாசித் மூக்கைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து கார்டு ரெண்டையும் எடுத்து வெட்டுக்கட்டைமேல் வைத்தான். அவனே வெட்டினான்.

ஃபிரிட்ஜும் டிவியும் ஒரு லாட்ஜுக்குப் போயின. பாசித் காலையில் கடையில் உரித்தான், பகலில் வண்டி ஓட்டினான். வீட்டில் ஒரு வருடம் தலைக்கறியும் குடலும் தவிர வேறு கறி வேகவில்லை. ஒவ்வொரு கடனாகத் தீர்ந்தது. பெரிய கடனில் டாக்ஸிக் கடன் மட்டும் மிச்சம்.

ஒரு விஷயத்தில் தஸ்தகீர் தப்பாக நினைத்துவிட்டார். தினம் முகத்தில் விழிக்கிற ஆளின் கடனை முதலில் அடை என்றார். டயர் கடைக்காரர், பால்காரர், ஆடு கொடுத்தவர் என்று. அவர்களை ரோட்டில் பார்க்க வேண்டும், பள்ளிவாசலில் பார்க்க வேண்டும். பழனி ஃபைனான்ஸுக்கு முகம் இல்லை. ரெண்டு மாதத் தவணை பிந்தினால் என்ன செய்துவிடுவான் என்று நினைத்தார்.

கஃபன் துணி சுற்றி முடித்து அவர் தொட்டியடியில் கை கழுவும்போது நல்லசாமி வந்தான். ஃபைனான்ஸ் முதலாளி. பழனியிலிருந்து விடியுமுன்னே கிளம்பியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் வாசலில் நின்றான். தோல்பையோடு ஒரு கணக்கப்பிள்ளை கூட வந்திருந்தான்.

"பாய், நடந்தது நடந்துபோச்சுங்க. பட்டன்ல கை பட்டுருச்சு போல. பய பயந்துட்டான்."

"முத்துராஜ் எங்க?"

"அவன் கெடக்கான் விடுங்க. நான் உங்க குடும்பத்துக்காகப் பேச வந்திருக்கேன். சாயங்காலம் நீங்க ஸ்டேஷனுக்குப் போறதாக் கேள்விப்பட்டேன். டீக்கடைக்காரர் சொன்னதையே நீங்களும் சொல்லிருங்க. வண்டி மோதிருச்சு. அவ்வளவுதான். டாக்ஸிக் கடன் மொத்தத்தையும் தள்ளி விட்டுர்றேன். மருமவ பேருல மூணு லட்சம் போட்டுத் தாரேன்."

தஸ்தகீர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"உங்காளுக முறையெல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றான் நல்லசாமி. "தொழுகைக்கு முன்னால கடன்காரன் யாருன்னு கேப்பீங்களாம்ல. எல்லார் முன்னாடியும் நானே விட்டுட்டேன்னு சொல்லிர்றேன். பையன் கடனில்லாமப் போவான்."

கடைப்பக்கக் கதவு படாரென்று சுவரில் மோதியது. சிக்கந்தர் வந்தான். கையில் எலும்பு வெட்டுகிற கத்தி. சத்தம் போடவில்லை, திட்டவில்லை. நேரே நல்லசாமியின் கழுத்தைப் பார்த்து வந்தான்.

தஸ்தகீர் குறுக்கே விழுந்தார். இடது கையால் மகனின் மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டிச் சுவரில் மோதினார். கத்தி விழவில்லை. மறுபடி மோதினார். விழுந்தது. வலது கையில் இருந்த செம்பால் அவன் வாயிலேயே ஓங்கி அடித்தார். உதடு பிளந்து ரத்தம் தாடையில் இறங்கியது. அவன் எழப் பார்த்தான். நெஞ்சில் முழங்காலை வைத்து அமுக்கினார்.

"விடுத்தா! என்னய விடு! இவன அறுக்காம நான் கபுருக்கு வரமாட்டேன்!"

"ஒரு புள்ளயத்தாண்டா இன்னிக்கு என்னால பொதைக்க முடியும்" என்றார் தஸ்தகீர்.

சிக்கந்தர் அடங்கினான். வாயிலிருந்து ரத்தம் குமிழிட்டு வந்தது. நல்லசாமி சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையில் ரத்தம் ரெண்டு சொட்டுத் தெறித்திருந்தது. அதைச் சுண்டிவிட்டுக்கொண்டே, "இதுக்குத்தான் பாய் சொல்றேன். யோசிங்க" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனான்.

அடுப்படி வாசலில் ஃபக்ருன்னிசா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அவன் விடுறேங்குறான்ல. விடட்டும்" என்றாள் கணவனிடம். "எம்புள்ள கடனோட மண்ணுக்குள்ள போகப்படாது. ஆவி தொங்கிக்கிட்டே கெடக்குமாம். அஜரத்து சொல்லியிருக்காரு."

"அப்பறம் எப்படிச் செத்தான்னு கேட்டா?"

"வண்டி மோதுச்சுன்னு சொல்லு. அல்லாவுக்குத் தெரியும்ல உண்மை."

"அல்லாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எழுதுற எடத்துல தெரிய வேணாமா?"

"எழுதி? எழுதி என்ன கெழிக்கப்போற? அடுத்து இவன இழுத்துட்டுப் போவாங்க!" அவள் தரையில் கிடந்த சின்ன மகனைக் காட்டினாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

உள்ளேயிருந்து உம்மு ஹபீபா வந்தாள். இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாமனாருக்கு மடித்து வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றை நீட்டினாள். பாசித்தின் சட்டைதான். அவர் வாங்கிக்கொண்டார். அவள் போகாமல் நின்றாள்.

"மாமா, அவுங்க 'எறக்குடா, எறக்குடா'ன்னு கத்துனது எனக்கு இங்க கேட்டுச்சு. யார்கூடயோ வெளயாடுறாங்கன்னு நெனச்சேன்."

உள்ளே போனாள்.

பள்ளிவாசல் முற்றத்தில் மகன் கிடந்த சந்தூக்குப் பெட்டியை இறக்கினார்கள். மூன்று வரிசை நின்றது. சுற்றுச்சுவர் ஓரமாக மற்ற ஊர்க்காரர்கள், டாக்ஸி டிரைவர்கள், தோட்டக்காரர்கள். குழந்தைவேலும் நின்றான், தலையைக் குனிந்துகொண்டு. நல்லசாமி முன்னாலேயே வந்து நின்றான். மேகம் இறங்கி வந்து ஆட்களின் கால்களை மறைத்தது.

"வாரிசு யாரு? ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார் தொழ வைக்க வந்த அஜரத்து.

தஸ்தகீர் சந்தூக்கின் தலைமாட்டில் நின்றார்.

"எம்மவன் பாசித்து யாருக்காச்சும் காசு தரணும்னா இப்பச் சொல்லுங்க. இந்த நேரத்துலேர்ந்து அது அவன் கடன் இல்ல. என் கடன்."

பிறகு சுவரோரத்திலிருந்து கூக்கால் ஊர்த் திருமலைச்சாமி தொண்டையைச் செருமினார். பூண்டுக்காரர். சவாரி வருகிறவர்களுக்கு விற்க பாசித் அவரிடம் மலைப்பூண்டு வாங்குவான்.

"பாய், எனக்கு ரெண்டாயிரத்து முந்நூறு வரணும். இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். வேணாம்னு சொல்லிரலாமான்னு பாத்தேன். சொல்ல முடியலங்க. எனக்கும் முடை."

"நீ கேட்டதுதான் சரி" என்றார் தஸ்தகீர். "வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்க."

அப்போது நல்லசாமி ரெண்டடி முன்னால் வந்து கைகூப்பினான்.

"எல்லாருக்கும் வணக்கம். தம்பி எனக்கும் தரவேண்டியது இருக்குதுங்க. ஆனா இந்தத் துக்கத்துல அதை நான் கேக்கல. முழுசா விட்டுட்டேன். தம்பி நிம்மதியாப் போகட்டும்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "பெரிய மனசுய்யா" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. நல்லசாமி தஸ்தகீரைப் பார்த்தான். தலையை ஆட்டு, அது போதும் என்பது போல் பார்த்தான்.

"எவ்வளவு?" என்றார் தஸ்தகீர்.

"அட, விட்டுட்டேன்னு சொல்றேங்க பாய்."

"நான் விடல. எவ்வளவு?"

நல்லசாமி சிரிக்கப் பார்த்தான். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. எவ்வளவு என்று யார் கேட்டாலும் சொல்லிப் பழகிய ஆள். பையிலிருந்து தாளை எடுத்து மளமளவென்று வாசித்துவிட்டான்.

"அசல் பாக்கி எழுவத்தெட்டாயிரம், அபராத வட்டி ஆறாயிரம், சீஸிங் சார்ஜ் பன்னெண்டாயிரம். மொத்தம்—"

"யோவ்" என்றான் நல்லசாமி.

"இருய்யா. அது என்ன, சீஸிங் சார்ஜ்?" என்றார் தஸ்தகீர்.

கணக்கப்பிள்ளை முதலாளியைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். "வண்டி தூக்குறதுக்கு... ஆள்கூலிங்க. பார்ட்டி கணக்குல ஏத்திருவோம்."

டாக்ஸி டிரைவர்கள் பக்கமிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஒருவன் சுவரைத் தாண்டி உள்ளே குதித்தான். இன்னொருவன் கல்லை எடுத்துவிட்டான். தஸ்தகீர் அந்தப் பக்கம் கையை நீட்டினார். "மையித்து கெடக்குது. கீழ போடுங்கலே." கல் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அவர் நல்லசாமி பக்கம் திரும்பினார். உரக்கப் பேசவில்லை.

"அசலு என் பொறுப்பு. வட்டியும் என் பொறுப்பு. மாசாமாசம் பழனிக்கு வந்து கட்டுவேன். ரசீது குடுக்கணும். அந்தப் பன்னெண்டாயிரம் இருக்குல்ல, அத மட்டும் கோர்ட்டுக்கு வந்து கேளு. எம்மவன் கையக் கண்ணாடியில நெரிச்சு, கத்தக் கத்தத் தார்ல இழுத்துக் கொன்னதுக்குக் கூலின்னு ஜட்ஜுகிட்டக் கேளு. அவரு குடுக்கச் சொன்னா அதையும் தாரேன்."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "தஸ்தகீரு, அவரே விட்டுட்டாரு. நீ எதுக்கு வம்ப இழுக்குற?" என்றார்.

தஸ்தகீர் அஜரத்து பக்கம் திரும்பினார். "அஜரத்தே, என் பொறுப்புன்னு சொல்லிட்டேன். இப்ப மையித்து மேல கடன் இருக்கா?"

"இல்ல."

"தொழ வைங்க."

கபுர்க் குழிக்குள் அவரே இறங்கி மகனை வாங்கினார். சிக்கந்தர் மேலிருந்து இறக்கினான். உதட்டில் துணியை வைத்துக் கட்டியிருந்தான். வாங்கும்போது பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்து, அவருடைய பழைய விலா எலும்பில் இடித்தது. மண் ஈரமாக, கட்டி கட்டியாக விழுந்தது.

ஸ்டேஷனில் ரைட்டர் அவர் சொல்லச் சொல்ல எழுதி வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்துப் பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"பாய், மத்த சாட்சியெல்லாம் வேற மாதிரி சொல்லியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் இப்படி. நாளைக்கு மாத்திச் சொன்னீங்கன்னா கேஸ் நிக்காது."

"மாத்துறதா இருந்தாக் காலையிலயே மாத்தியிருப்பேன். கொண்டாங்க."

அவருக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுத வரும். அதை எழுத்து எழுத்தாக அழுத்திப் போட்டார். தாளின் மறுபக்கம்வரை பதிந்தது.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர்க்கடை வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நல்லசாமியின் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அதில் ஒருவன். தஸ்தகீரைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தான்.

சிக்கந்தரும் பார்த்துவிட்டான். வீங்கின வாயால், "அத்தா, அங்க—" என்றான்.

"பாத்துட்டேன். வண்டிய எடு."

கறி ஏற்றிப்போகிற பழைய டிவிஎஸ். ரெண்டு உதையில் கிளம்பியது. இறக்கத்தில் குளிர் முகத்தில் அறைந்தது. பின்னால் ஒரு பைக்கின் வெளிச்சம் வளைவுக்கு வளைவு தொடர்ந்து வந்தது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. சிக்கந்தர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

"ரோட்டப் பாருலே" என்றார் தஸ்தகீர்.

அந்த வண்டியில் அவர் எப்போதும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். பெற்ற பிள்ளை ஓட்டினாலும் அப்படித்தான். பெருமாள்மலை வெளிச்சம் தெரிகிற வளைவில் கம்பியை விட்டுவிட்டு, மகனுடைய சட்டையை இடுப்பருகே கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.